ஏழாவது பாட்டு

ஒன்பது பிள்ளை பெற்றவளிடம் போய், "இதில் இரண்டை மட்டும் தெருவுக்கு அனுப்பு, மீதி ஏழும் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும்" என்றால் அவள் விளக்குமாற்றைத் தூக்குவாள். பாட்டுக் கம்பெனியில் அதையே ஏசி அறையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு செய்வார்கள். அதற்குப் பெயர் சிங்கிள் தேர்வு. ஒரு ஆல்பத்தில் ஒன்பது பாட்டு இருந்தால் இரண்டுக்கு மட்டும்தான் தனி வீடியோ, விளம்பரம், ரீல்ஸ் ஆட்டம் எல்லாம். மற்றவை ஆல்பத்துக்குள்ளேயே பிறந்து ஆல்பத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

பியூலா இந்த வேலையிலேயே தலை நரைத்தவள். பெரம்பூர்க்காரி. எந்தப் பாட்டு ஊர் சுற்றும், எது முடங்கும் என்று முதல் பல்லவி முடிவதற்குள் சொல்லிவிடுவாள். அவள் காதுக்குப் போட்டியாகக் கம்பெனி 'சபை'யை வாங்கி வைத்தபோது எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. மெஷின் மார்க் போடட்டும், பாட்டை வெட்டி ஒட்டி அந்த மார்க்கை வாங்கித் தர ஒரு ஆள் வேண்டாமா என்று நினைத்தாள். அப்படித்தான் ஆயிற்று.

சபை என்பது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. பாட்டு ஆப்பில் சேரும்போது படித்துப் பார்க்காமலே 'சம்மதம்' என்று அமுக்குகிறோமே, அந்தச் சம்மதத்தின் விளைவு அது. ஒரு ஆள் வருஷக்கணக்காக எதைக் கேட்டார், எதை எந்த இடத்தில் தள்ளிவிட்டார், எதைப் பற்றிச் சிநேகிதிக்கு என்ன எழுதினார் என்பதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து, அந்த ஆளைப் போலவே பாட்டுக் கேட்கும் ஒரு நகலைச் செய்துவிடுவார்கள். அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆபீஸில் 'செவி' என்பார்கள். அப்படிப் பல்லாயிரம் செவிகள். புதுப்பாட்டைப் போட்டால் யார் முழுசாகக் கேட்டது, யார் தள்ளியது என்று கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஏன் என்று தட்டிக் கேட்டால் எழுத்தில் பதிலும் சொல்லும். ஏதோ ஆப்பில் வந்த கேள்விக்குப் பதில் சொல்வதாகவே அது நினைத்துக்கொள்ளும்.

அசல் ஆள் செத்துப்போயிருக்கலாம். செவிக்கு அது தெரியாது.

பியூலாவின் மகள் ஷெரின் காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்கடுத்த வருஷம் ஒரு மதியம், வேறு எவருடைய ஆல்பத்துக்கோ செவிகள் எழுதிய பதில்களைப் பியூலா மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. "இது கல்யாண வீட்டு ரசம். எல்லாரும் வாங்கிக் குடிப்பாங்க, எவனுக்கும் ஞாபகம் இருக்காது."

உலகத்திலேயே பாட்டுகளுக்குச் சாப்பாட்டை வைத்து மார்க் போட்டவள் ஒருத்திதான். பியூலா காப்பி டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல், குடிக்கவும் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சபையைப் பார்த்துக்கொள்பவர் ஹாரூன். நல்ல மனிதர், பயந்த சுபாவம். எண்ணுக்குப் பின்னால் யார் என்று பார்ப்பது வேலை போகிற குற்றம். பியூலா அழுத அழுகையைப் பார்த்துவிட்டு அவர் பார்த்தார். திரும்பி வந்து, "உக்காருங்க மேடம்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"எனக்கு அவளை எடுத்துக் குடுத்துடுங்க ஹாரூன். ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"எடுக்க முடியாது மேடம். ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கறது இல்ல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. கோலத்துல ஒரு புள்ளியை அழிக்கலாம். அந்தப் புள்ளியை மட்டும் கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போக முடியுமா?"

"அழிக்கலாம்னா?"

ஹாரூன் சங்கடமாகத் தாடியைத் தடவினார். "களையெடுப்புன்னு ஒண்ணு இருக்கு. பாட்டு வெளிய ஹிட் ஆச்சுன்னா, அதை உள்ள முழுசா கேட்ட செவி பாஸ். தள்ளிவிட்டது ஃபெயில். பாட்டு ஊத்திக்கிச்சுன்னா நேரெதிர். தள்ளிவிட்டதுதான் பாஸ். ஒரு ஆல்பத்துக்கு ரெண்டு சிங்கிள், ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கணும். தொடர்ந்து மூணு ஆல்பம் தப்பாச்சுன்னா, ஊரோட ரசனை தெரியாத செவின்னு மெஷினே அழிச்சிடும். யாரும் கை வைக்க முடியாது. கை வெச்சா தணிக்கைல தெரிஞ்சிடும்."

"ஷெரின் எத்தனை ஃபெயில்?"

"ரெண்டு" என்றார் ஹாரூன்.

ஆகாதா பின்னே? ஊரே தலையில் வைத்து ஆடுகிற பாட்டை ஓசிப் பாயசம் என்று ஒதுக்கிவிட்டு, யாரும் சீண்டாத பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்கிற பிறவி அவள். உயிரோடு இருந்தபோது அது ஒரு அழகு. இப்போது அதுவே கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

எழில்வாணனின் ஆல்பம் வந்து சேர்ந்தது இந்த நிலைமையில்தான். எழில் காசிமேட்டுப் பையன். தொண்டையில் கடல் இருந்தது, ஆனால் முதல் ஆல்பம் கரையேறவில்லை. "இதுவும் போச்சுன்னா தம்பிக்கு டாட்டா சொல்லிட வேண்டியதுதான்" என்று முதலாளி ஜெயசீலன் அவன் காதுபடவே சொல்லியிருந்தார்.

ஒன்பது பாட்டையும் சபை கேட்டது. இரண்டாவது 'ஏலேலோ ஏரோப்ளேன்', குத்துப் பாட்டு. செவிகள் குதித்துவிட்டன. ஐந்தாவது காதல் பாட்டு, அதற்கும் நல்ல மார்க். ஏழாவது 'நங்கூரம்'. கட்டிப்போட்ட படகின் கயிறு மரத்தில் உரசுகிற சத்தத்தோடு அது ஆரம்பிக்கிறது. தண்ணீர் பலகையைத் தட்டுகிறது. வெகுநேரம் கழித்து யாரோ தூரத்தில் முனகுகிறார்கள். அதற்கும் பிறகுதான் எழிலின் குரல். அந்தக் குரல் வருவதற்குள் சபையில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போயிருந்தார்கள்.

ஷெரின் போகவில்லை. இரண்டாவதைத் தள்ளிவிட்டாள், ஐந்தாவதைப் பாதியில் விட்டாள், ஏழாவதைக் கடைசி மூச்சு வரை கேட்டாள். எழுதியிருந்தாள்: "கொழம்பு கொதிக்கிற வாசனைலயே பாதி வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு. சாப்பாடு எப்ப வரும்னு கேக்கவே தோணல. இன்னொரு தடவை போடுங்க."

பியூலா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனாள்.

"ரெண்டாவதைக் கண்ணை மூடிக்கிட்டு போடலாம். அடுத்தது அஞ்சு. முடிஞ்சுதா?" என்றார் ஜெயசீலன்.

"அஞ்சு வேணாம் சார். ஏழு."

"எது, அந்தக் கயிறு கத்துறதா? பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள நான் ஷேவிங் முடிச்சிட்டேன் பியூலா!"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்து வைத்தாள். "அதை என்கிட்ட விடுங்க. சிங்கிளுக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தர்றேன். அஞ்சை விட மார்க் கூட வாங்கும்."

"வாங்கலேன்னா?"

"வாங்கலேன்னா இனிமே இந்த ரூம்ல நான் வாயைத் திறக்கல."

ஜெயசீலன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் எந்தப் பாட்டுக்கும் இப்படி மல்லுக்கு நின்றதில்லை. சரி என்றார்.

ஷெரின் தள்ளிவிட்டதில் நிச்சயம் ஊத்திக்கொள்ளும் ஒரு பாட்டைச் சிங்கிளாகப் போட்டாலும் அவள் தப்புவாள். இது பியூலாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வாழ்வா சாவா என்று நிற்கிற பையனின் தலையில் மண்ணை அள்ளிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்போது வரவில்லை. அதோடு, தாய் மனசுக்கு ஒரு ஆசையும் இருந்தது. என் பெண் சரியாகத்தான் சொன்னாள், ஊர்தான் செவிடு என்று ஒரு தடவையாவது நிரூபித்துவிட வேண்டும்.

எழில் ஸ்டூடியோவுக்கு வந்தபோது திரையில் அவன் பாட்டு கோழியைப் போல் துண்டு துண்டாகக் கிடந்தது.

"இன்னா மேடம், மின்னாடி இருந்ததெல்லாம் காணோம்?"

"தூக்கிட்டேன். நேரா பல்லவியில ஆரம்பிக்குது. அடியில தாளம் போட்டிருக்கேன். கொஞ்சம் வேகமும் ஏத்தியிருக்கேன். கேளு."

கேட்டான். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "நல்லாத்தான் கீது. ஆனா அந்த ஆரம்பம்தான் மேடம் பாட்டு. படகக் கட்டிட்டு உள்ள தனியா படுத்துனு இருந்தாத்தான் அந்தச் சத்தம் கேக்கும். வீட்டுக்குப் போவ மனசில்லாதவன் கேக்குற சத்தம் அது. அத்த வெட்டிட்டா நான் எதுக்கு அழுவுறேன்னு எவனுக்குத் தெரியும்?"

"யாரும் கேக்காம கெடந்தா மட்டும் தெரிஞ்சிடுமா?"

"அப்ப ஏழாவது வாணாம் மேடம். அஞ்சாவதே போடுங்க. இது இப்படியே ஆல்பத்துக்குள்ள கெடக்கட்டும். தேடி வர்றவன் வரட்டும்."

இந்த இடத்தில் பியூலா விட்டிருக்கலாம். நியாயம் அவன் பக்கம் இருந்தது, அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் முழுகுகிறவள் நியாயம் பார்ப்பாளா? "உன் முதல் ஆல்பம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று. "நீ சொன்னதைக் கேட்டுத்தான அப்படியே விட்டாங்க? இந்தத் தடவை என் பேச்சைக் கேளு எழில். உனக்காகத்தான் சொல்றேன்."

உனக்காக என்ற வார்த்தை நாக்கில் உப்பாகக் கரித்தது. பையன் தலையாட்டினான்.

அதன்பிறகு அவள் வெட்டினாள், ஒட்டினாள், சபைக்குப் போட்டாள், மறுபடி வெட்டினாள். சோதனைக்கு எப்போதும் புதுச் செவிகளையே எடுப்பார்கள். ஒரு பாட்டை ஏற்கெனவே கேட்ட செவியிடம் அதையே மாற்றிப் போட்டால் பழைய ஞாபகம் குறுக்கே வரும் என்று விதி. ஷெரின் நங்கூரத்தைக் கேட்டாகிவிட்டது, அதனால் இந்தச் சோதனைகளில் அவள் இல்லை. கடைசியில் வெளியாகப் போகும் வடிவம் தயாரானதும் எல்லாச் செவிகளிலும் அந்த ஆல்பத்தைக் கேட்ட ஞாபகத்தை மட்டும் துடைத்துவிட்டு, மொத்தச் சபைக்கும் ஒரு தடவை போடுவார்கள். அந்தக் கடைசிக் கேட்பில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் கணக்கு.

மார்க் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாவதைத் தாண்டியது, இரண்டாவதையும் எட்டிப் பிடித்தது. ஜெயசீலன் முதுகில் தட்டாத குறை. "கயிறை வெச்சே ஊஞ்சல் கட்டிட்டீங்களே!" என்றார்.

ஷெரினைப் பற்றிப் பியூலா ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. ஊரை இந்தப் பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாடாக இருந்தது. மகள்தான் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறாளே!

கடைசிக் கேட்பு ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. ஹாரூன் திரையைப் பார்த்துக்கொண்டே, "அடேங்கப்பா" என்றார். "நூத்துக்குத் தொண்ணூறு பேர் முழுசா கேட்டிருக்காங்க மேடம். இந்த வருஷம் எதுவும் இப்படி வாங்கல."

"அவ?"

ஹாரூன் எண்ணைத் தட்டினார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவளுக்குத் திரை தெரியும்படி விலகினார்.

ஏலேலோ ஏரோப்ளேன்: தள்ளிவிட்டது. நங்கூரம்: தள்ளிவிட்டது. பல்லவியின் முதல் வரி முடிவதற்குள்.

"தப்பா இருக்கும்" என்றாள் பியூலா. "ஹாரூன், தப்பா இருக்கும். இது அவளுக்கு உயிர். இன்னொரு தடவை போடுங்கன்னு கேட்டாளே!"

"அவ கேட்டது இந்தப் பாட்டு இல்ல மேடம்."

பியூலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்காக அவள் வெட்டி எறிந்தாளே, அந்தக் கயிற்றுச் சத்தம், அந்தத் தண்ணீர், அந்த நீண்ட காத்திருப்பு, அதற்குத்தான் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். பந்தி போடுகிற அவசரத்தில் விருந்தாளியையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

"பழையபடி முழுப் பாட்டையே விட்டுடலாம். அவ கேப்பா."

"அவ கேப்பா. ஊர் கேக்காது. அப்பவும் ஃபெயில்தான்."

"இதையே விட்டா?"

"ஊர் கேக்கும். அவ தள்ளிட்டா. அப்பவும்…"

பியூலா எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இந்தப் பாட்டு ஊத்திக்கிச்சுன்னா?"

ஹாரூன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊத்திக்கிச்சுன்னா, தள்ளிவிட்டவ பாஸ். அப்படித்தான?"

"மேடம், அந்தப் பையன்…"

"எனக்குத் தெரியும். நான்தான அவன் கழுத்தைப் பிடிச்சுச் சம்மதம் வாங்கினேன். எனக்கு எல்லாம் தெரியும் ஹாரூன்."

ஒரு பாட்டை ஓட வைக்கத் தெரிந்தவளுக்கு அதன் காலை ஒடிக்கவும் தெரியும். பெரிய நடிகர் ஒருவரின் படப் பாட்டுகள் எல்லாம் வெளியாகும் நாளாகப் பார்த்து நங்கூரத்துக்கும் தேதி குறித்தாள். அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகட்டும் என்று கணக்கு. விளம்பரத்தை இரண்டாவது பாட்டுக்குத் திருப்பினாள். வீடியோவை மாற்றி எடுக்க வேண்டும் என்று இழுத்தடித்தாள். ஜெயசீலன் கேட்டபோது, "மெதுவா சூடு பிடிக்கட்டும் சார், அதுதான் தந்திரம்" என்றாள். இருபது வருஷம் சேர்த்த நம்பிக்கை, ஒரு பொய்க்கு அழகாகக் கைகொடுத்தது.

எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் அதற்கு முன்னால் பாட்டையும் சரியாகச் செய்திருந்தாள். அதுதான் வினை.

வெளியான மூன்றாம் நாள் பெரம்பூர் பாலத்துக்கடியில் ஒரு ஆட்டோவிலிருந்து அது கேட்டது. அந்த வார முடிவில் கல்யாண மண்டப வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்லவியைக் கோரஸாகக் கத்திக்கொண்டு போனார்கள். பெரிய நடிகரின் பாட்டை மக்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு, இதைத்தான் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு எண்ணிக்கை ஏறியது. அந்த எண்ணிக்கையெல்லாம் தன் மகளின் மேல் விழுகிற மண் என்று பியூலாவுக்குத்தான் தெரியும்.

ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

"ஏம்மா, நல்ல பாட்டாச்சே! காலைலேருந்து இத்தோட பத்தாவது தபா."

"தலைவலிண்ணே. நிறுத்துங்க. உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க."

டீக்கடைக்காரர் பயந்துபோய் நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்பதைப் போலப் பார்த்தார்கள். நிறுத்தி என்ன செய்ய? டீ ஆற்றிக்கொண்டே அவர் வாய் அதைத்தான் முணுமுணுத்தது.

எழில் ஒரு நாள் வந்தான். நாளிதழில் சுற்றிய ஒரு முழு வஞ்சிரத்தை அவள் மேஜைமேல் வைத்தான். ஏசி அறையெல்லாம் மீன் வாசனை.

"அப்பா குடுத்தனுப்பிச்சாரு. நீங்க சொன்னது கரெக்ட் மேடம். இப்ப எங்க போனாலும் என்னைத் தெரியுது. துபாய்ல ஷோ கூப்புட்றாங்க."

"சந்தோஷம்பா" என்றாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இந்தப் பையன் தலையெடுக்கக் கூடாது என்று இத்தனை நாளும் ஜெபம் செய்தவள் அவள். முழங்கால் போட்டு, வாய் திறந்து, பேர் சொல்லிச் செய்திருக்கிறாள்.

கிளம்பும்போது அவன் வாசலில் நின்றான். "ஒண்ணு மட்டும் மேடம். எங்க ஏரியால எவனும் இது என் பாட்டுன்னு நம்ப மாட்றான். நீயாடா பாடுனது, உன் குரல் மாதிரியே இல்லையேன்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு அவன் போன பிறகும் அறையில் மீன் வாசனையோடு நின்றது.

ஆறு வாரம் முடிந்து கணக்கு வந்தது. இரண்டு சிங்கிளும் ஹிட். களையெடுப்பு சனிக்கிழமை பிற்பகலில் தானாக ஓடும் என்று அறிவிப்பும் வந்தது. நீக்கப்படப்போகும் எண்களில் அந்த எண்ணும் இருந்தது.

சனிக்கிழமை ஆபீஸில் ஈ காக்கை இல்லை. ஹாரூன் மட்டும் வந்து சபையைத் திறந்து கொடுத்தார். "பாட்டைப் பத்தி மட்டும்தான் கேக்க முடியும். வேற கேட்டா மெஷின் அனுப்பாது" என்று சொல்லிவிட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டார்.

கடைசிக் கேட்பில் எந்த நிலையில் நிறுத்தினார்களோ, அந்த நிலையிலேயே ஷெரின் இருந்தாள். அவளுக்கு இப்போதுதான் அந்தப் பாட்டைத் தள்ளிவிட்ட மாதிரி. பியூலா தட்டினாள்: "நங்கூரம் பாட்டை ஏன் தள்ளிவிட்டீர்கள்?"

பதில் வரிவரியாக வந்தது. "நல்லா இல்லன்னு சொல்லல. பெரிய ஹிட் ஆகும், வேணும்னா எழுதி வெச்சுக்குங்க. சட்டியிலேருந்து அப்ப எடுத்த பஜ்ஜி இது. கை நிக்காது."

கணக்கில் தப்பு என்று அவளை அழிக்கிறார்கள். அவளுக்குக் கணக்கு தெரிந்தே இருந்தது. பியூலா உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: "பிறகு ஏன்?"

"இதை வெட்டின கை எனக்குத் தெரிஞ்ச கை மாதிரி இருக்கு, அதான். எங்க மம்மி இந்த வேலைதான் பாக்குறாங்க. இப்பக்கூட ஆபீஸ்லதான் இருப்பாங்க. நான் ஆசையா ஏதாச்சும் பாட்டு போட்டுக் காட்டினா, மெயின் இடம் எங்கடின்னு முன்னாடி தள்ளித் தள்ளித் தேடுவாங்க. அந்த இடத்தை மட்டும் கேட்டுட்டு, சூப்பர்டின்னு எந்திரிச்சுப் போய்டுவாங்க. நான் காட்ட நெனச்சது எப்பவும் அதுக்கு முன்னாடி இருக்கும்."

ஹாரூன் தொண்டையைச் செருமினார். பியூலா திரும்பவில்லை. அவசர அவசரமாகத் தட்டினாள்: "மம்மி மேல கோபமாடா?"

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இந்தக் கேள்வி பாடல் தொடர்பானது அல்ல.

மாற்றித் தட்டினாள். "மம்மி உன்கிட்ட சாரி சொன்னாங்க." அதே சிவப்பு வரி. இன்னொரு விதமாக, இன்னொரு விதமாக. ஒவ்வொன்றுக்கும் அதே. அவள் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஹாரூன் வந்து தோளைத் தொடலாமா என்று கையை நீட்டி, வேண்டாம் என்று மடக்கிக்கொண்டார். "நேரம் ஆகுது மேடம்" என்றார் மெதுவாக.

பியூலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மெஷின் எதை அனுப்பும் என்று யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். "இதே பாடலின் இன்னொரு வடிவம் இருக்கிறது. கொஞ்சம் நீளம். கேட்கிறீர்களா?"

"போடுங்க. எனக்கென்ன அவசரம்? நேரம் நெறைய இருக்கு."

பியூலா முழுப் பாட்டையும் எடுத்து ஓட விட்டாள். அறை ஸ்பீக்கரிலும் திறந்தாள். படகுக் கயிறு மரத்தில் உரச ஆரம்பித்தது. திரையில் அந்த எண்ணுக்கு நேரே 'கேட்கிறது' என்று வந்தது. பழக்கதோஷத்தில் அவள் வலது கை பாட்டை முன்னே தள்ளப் போயிற்று. அதைப் பிடித்து மடியில் வைத்து, இடது கையால் இறுக்கிக்கொண்டாள்.

தண்ணீர் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. எழிலின் குரல் வர இன்னும் நேரம் இருந்தது.